மூன்றாம் நம்பர் கிணறு

மாஷி வீட்டுக் கிணற்றைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி. எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன். காற்றில் பறக்காமலிருக்க மேலே இரண்டு ஹாலோ பிளாக் கல். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "அதில் இறைப்பதில்லையம்மா. உப்பாகிவிட்டது. பாத்திரம் கழுவினால்கூட வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கிறது" என்றார் மாஷி. வங்காளம் கலந்த அந்தமான் இந்தியில் சொன்னார். நாற்பது வருடமாக எங்கள் இருவருக்கும் அதுதான் பேச்சு.

போன மார்ச்சில், அந்தமானின் ஹேவ்லாக் தீவில், மூன்றாம் நம்பரில் நடந்தது இது. ஐந்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தேன். எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பாக்குத் தோட்டம் மட்டும்தான்.

ஹேவ்லாக்கில் ஊர்களை நம்பர் சொல்லித்தான் அழைப்போம். ஜெட்டி ஒன்றாம் நம்பர். கடைத்தெரு இருக்கும் கோவிந்த நகர் மூன்றாம் நம்பர். விஜய் நகர் ஐந்து. எல்லோரும் போட்டோவில் பார்த்திருக்கும் ராதா நகர் கடற்கரை ஏழு. 2018 டிசம்பர் 30 முதல் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப். அதற்கு முன்பு 1857 கலகத்தை அடக்கிய ஆங்கிலேயத் தளபதி ஹேவ்லாக்கின் பெயர். பக்கத்துத் தீவுகளும் நீல், அவுட்ரம், லாரன்ஸ் என்று அதே காலத்து ஆங்கிலேயர்களின் பெயர்களைத்தான் சுமந்துகொண்டிருந்தன. பெயரை மாற்றியது சரிதான். ஆனால் வாய் பழகிவிட்டதால் இந்தப் பதிவில் ஹேவ்லாக் என்றே எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தேவிப்பட்டினம் பக்கம். எழுபதுகளில் மெட்ராஸில் கப்பலேறி, மூன்று நாள் வாந்தியெடுத்துப் போர்ட் பிளேயரில் இறங்கியவர். பொதுப்பணித் துறையில் குடிநீர்ப் பிரிவில் வேலை. 1983இல் ஹேவ்லாக்குக்கு மாற்றினார்கள். காட்டுக்குள் ஓடையிலிருந்து வரும் குழாயைப் பார்ப்பது, பம்பு ஓட்டுவது, கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது, இதெல்லாம் அவர் வேலை. அளப்பதற்கு ஒரு கயிறு வைத்திருந்தார். சாணுக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு இரும்பு நட்டு. கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை முடிச்சு என்று எண்ணி, பழுப்பு அட்டை போட்ட நோட்டில் எழுதுவார். மாஷி வீட்டுக் கிணறு அரசாங்கக் கிணறு இல்லைதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கப் போகும்போது அதையும் அளந்துவிட்டுத்தான் வருவார்.

மாஷியின் மாமனார் பரிசாலிலிருந்து வந்தவர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை 1950களில் அரசாங்கம் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. அவர்களுக்குக் கொஞ்சம் பள்ள நிலம் நெல்லுக்கு, கொஞ்சம் மேட்டு நிலம் தென்னைக்கும் பாக்குக்கும். மற்றபடி காடு. வெட்டித்தான் வீடு கட்ட வேண்டும். கோவிந்த நகர், ராதா நகர், கிருஷ்ணா நகர், ஷ்யாம் நகர் என்று ஊர்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். ஊரை விட்டு வந்தவர்கள் கூடவே கூட்டி வந்தது கண்ணனை மட்டும்தான். அட்டைப்பூச்சியும் மலேரியாவும் இருந்த இடத்தில் அவர்கள் பட்ட பாட்டை மாஷியின் மாமனார் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும்போது அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஆளில்லாத தீவு" என்றுதான் அந்தத் தாத்தா எப்போதும் கதையைத் தொடங்குவார். அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான். அந்தமானின் பூர்வகுடிகளான பெரிய அந்தமானியர்களில் அக்கர்-பாலே என்ற கூட்டம் இந்தத் தீவுக்கூட்டத்தில் வாழ்ந்தது என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். 1858இல் ஆங்கிலேயர்கள் போர்ட் பிளேயரில் கைதிகள் குடியிருப்பைத் தொடங்கியதும் அவர்களோடு நோய்களும் இறங்கின. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தமானியர்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அக்கர்-பாலே மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை. அகதிகள் வந்து இறங்கும்போது தீவு காலியாக இருந்தது உண்மை. அது எப்படிக் காலியானது என்பதும் இந்தத் தீவின் கதையில் சேர்ந்ததுதான்.

எங்கள் காலத்து ஹேவ்லாக்கில் டீசல் ஜெனரேட்டர் நின்றுவிட்டால் அவ்வளவுதான், நட்சத்திர வெளிச்சம் மட்டும்தான். அப்படி ஒரு ராத்திரி, ஏழாம் நம்பர் கடற்கரையில் அப்பா எங்களைக் கையைப் பிடித்து நிறுத்தினார். கடல் இலுப்பை மரங்களுக்குக் கீழே ஏதோ உஸ் உஸ்ஸென்று மூச்சு விடுகிறது. ஆமை. பின்காலால் மணலை ஒரு கரண்டியில் அள்ளுவதுபோல அள்ளி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி அள்ளுகிறது. ஒரு தடவை வீசிய மணல் என் தம்பியின் வாயில் விழுந்தது. அவன் துப்பக்கூட இல்லை. கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்து "அழுகிறதா அப்பா?" என்று கேட்டான். உடம்பில் சேரும் உப்பை அது அப்படித்தான் வெளியேற்றுகிறது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அப்பா, "ஆமாம், வலிக்குமில்ல" என்றார்.

இன்னொரு நாள் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தபோது அப்பா ஊரே கேட்கும்படி, "ஏய், ஆவுளியா!" என்று கத்தினார். சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, ஒரு மூச்சு, அப்புறம் ஒன்றுமில்லை. கடல்பசுவுக்கு எங்கள் ராமநாதபுரம் கரையில் ஆவுளியா என்று பெயர். அந்தமானுக்கு அதுதான் மாநில விலங்கு. கடற்புல்லைத் தவிர வேறு எதையும் பெரிதாகத் தின்னாத, ஒரு குட்டி போட்டால் அடுத்ததற்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் பிராணி. 2022இல் பாக் விரிகுடாவில் தமிழக அரசு கடல்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்புப் பகுதி அறிவித்தபோது அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்ல முடியவில்லையே என்றிருந்தது. அவர் அதற்கு முந்தைய வருடம்தான் போனார்.

யானைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தமானில் இயற்கையாக யானை கிடையாது. மரம் இழுக்க நிலப்பகுதியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். ஒரு தீவில் வேலை முடிந்தால் அடுத்த தீவுக்கு நீந்த வைத்தே கூட்டிப்போவார்கள். உலகம் முழுக்கப் புகைப்படத்தில் பார்த்த ராஜன் அப்படி எழுபதுகளில் வந்த யானை. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டதோடு அதற்கு வேலை போயிற்று. மிச்ச காலத்தை ஹேவ்லாக்கில், கடலில் நீந்தி, சுற்றுலாப் பயணிகளின் கேமராவுக்கு முன்னால் கழித்து, 2016 ஆகஸ்டில் இறந்தது. மரத்தொழிலிலிருந்து சுற்றுலாவுக்கு இந்தத் தீவு மாறியதைத் தன் ஒரே ஆயுளில் வாழ்ந்து காட்டிய ஜீவன் அது.

அந்த 2002 தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. அதுவரை இங்கே எல்லாக் கட்டடத்துக்கும் கடற்கரை மணல்தான். எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிப்பித் துண்டுகள் தெரியும், நானும் தம்பியும் நகத்தால் நோண்டி எடுப்போம். ஆமை முட்டையிட்ட மணலில் கட்டிய வீட்டில்தான் நாங்களும் இருந்தோம் என்பதை நான் மறப்பதில்லை. குடியேறியவர்களைக் குறை சொல்லும்போது எங்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, சுற்றுலாவுக்கு வருகிறேன். 2004இல் டைம் பத்திரிகை ராதா நகரை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. அதே வருடம் டிசம்பர் 26 சுனாமி. நிக்கோபார் தீவுகள் நொறுங்கின. ஹேவ்லாக் பெரும்பாலும் தப்பித்தது. சுனாமிக்குப் பிறகு வேகமாக எழுந்த தொழில் சுற்றுலாதான். விமானங்கள் கூடின. மத்திய அரசு ஊழியர்கள் எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையில் விமானத்திலேயே வரலாம் என்றானது. அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் ஆடி ஆடிப் போன இடத்துக்குக் குளிர்சாதன வசதியுள்ள தனியார் படகில் ஒன்றரை மணியில் போகலாம் என்றானது. சுனாமிக்கு முன்பு வருடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் வந்துகொண்டிருந்த அந்தமானுக்குக் கொரோனாவுக்கு முன்பே ஐந்து லட்சம் பேர் வரத் தொடங்கிவிட்டார்கள். 2011 கணக்குப்படி அந்தமான் நிக்கோபார் மொத்த மக்கள்தொகையே மூன்று லட்சத்து எண்பதாயிரம்தான். ஹேவ்லாக்கில் ஆறாயிரம் சொச்சம். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஹேவ்லாக்கில் ஒரு ராத்திரியாவது தங்குகிறார்கள்.

அவர்கள் எப்போது வருகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தமானில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை. மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஆனால் சரிவான சின்னத் தீவு, பெய்தது சீக்கிரமே கடலுக்குப் போய்விடும். மலைக்காடு பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் ஓடைக்கும் கிணற்றுக்கும் வரும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம், ஓடை ஒரு விரல் கனத்துக்கு இளைத்துவிடும். அந்த நாலு மாதம்தான் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். தேனிலவு, டைவிங் எல்லாம் அப்போதுதான். தீவில் தண்ணீர் குறையக் குறைய ஆட்கள் கூடுகிறார்கள். ஒரு அறைக்குத் தினமும் புதுப் படுக்கை விரிப்பு, இரண்டு வேளை ஷவர், சில இடங்களில் நீச்சல் குளமும். கடலிலிருந்து நூறடியில் ஒரு நீச்சல் குளத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடைத்தது.

கடலோரக் கிணறு எப்படி வேலை செய்கிறது என்று அப்பா ஒருமுறை டம்ளரில் காட்டினார். அடியில் உப்புத் தண்ணீர், அதன்மேல் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காமல் ஒன்றின்மேல் ஒன்று நின்றது. "மேலே மழை, கீழே கடல். மேலே உள்ளதைப் பொறுமையா எடுத்தா கடல் கீழேயே இருக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினா அது ஏறி வந்துடும்" என்றார். நீரியல்காரர்கள் சொல்லும் கணக்கும் அதுதான். கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நல்ல தண்ணீர் ஒரு அடி இறங்கினால் அடியில் உப்புத் தண்ணீர் ஏறக்குறைய நாற்பது அடி ஏறும். ஒரு அடிக்கு நாற்பது அடி. மாஷி வீட்டுக்கு இரண்டு மனை தள்ளி ஒரு விடுதி வந்து, ஆழ்துளை போட்டு, மூன்று கோடையில் கிணறு உப்பாகிவிட்டது. விடுதிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. மாஷி கேட்டால் ஒரு டிரம் தண்ணீர் அனுப்புகிறார்கள். தன் கிணற்றில் இறைத்தவர் இப்போது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முதலை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். உவர்நீர் முதலை இங்கே எப்போதும் உண்டு. கழிமுகத்தில் கை கழுவாதே, பொழுது சாய்ந்தால் அலையாத்திக் காட்டுப் பக்கம் போகாதே என்பதெல்லாம் எங்களுக்கு வீட்டுப் பாடம். 2010இல் ராதா நகருக்குப் பக்கத்தில் கடலில் நீந்திக்கொண்டிருந்த ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. அப்போது எல்லோரும் முதலையைப் பிடிக்க வேண்டும் என்றுதான் பேசினார்கள். நான் மார்ச்சில் பார்த்தது இது: கடைத்தெருவுக்குப் பின்னால், ஓடை கடலைத் தொடும் இடத்தில், ஒரு பையன் சைக்கிளை நிறுத்தி இரண்டு பை கோழிக்கழிவைக் கொட்டிவிட்டுப் போனான். தினமும் அதே நேரம், அதே இடம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அங்கே முதலை வராமல் வேறு எங்கே வரும்? விடுதிகளில் அத்தனை தட்டுக்குக் கோழி வேண்டியிருக்கிறது. கழிவை எங்கே போடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. கடற்கரையில் வலை கட்டுவதைவிட ஓடையில் கொட்டுவதை நிறுத்துவது மலிவு.

பவளப்பாறைகளைப் பற்றி நிறைய எழுத எனக்கு மனம் வரவில்லை. 2010 கோடையில் கடல் சூடேறி வெளுத்ததில் போனது ஏராளம், அது உலகம் செய்த வேலை. பிழைத்து மறுபடி துளிர்ப்பதன் மேல் எலிஃபென்ட் பீச்சில் லைஃப் ஜாக்கெட் போட்டவர்கள் நிற்கிறார்கள். அது நாம் செய்யும் வேலை. நிற்காதீர்கள். அது கல் இல்லை, உயிர்.

மாஷியின் பேரன் அப்பு ஒரு டைவிங் கடையில் வேலை பார்க்கிறான். என்னைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவான். அவனுடைய சித்தப்பா ஐந்தாம் நம்பரில் இருந்த தென்னந்தோப்பைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். நான் கொஞ்சம் முகம் சுளித்திருப்பேன் போல. மாஷி என் கையைப் பிடித்து, "பாக்கு விற்று உன் தம்பி வயசுப் பையனைப் படிக்க வைக்க முடிந்ததா? இந்த டூரிஸ்ட் காசில்தான் அப்பு சென்னையில் படித்தான். ராத்திரி நெஞ்சுவலி வந்தால் போர்ட் பிளேயர் போகப் பணம் வேண்டாமா?" என்றார். நான் சொல்ல ஒன்றுமில்லை. அகதியாக வந்து மூன்று தலைமுறை மண்ணைக் கிண்டியவர்களிடம், நீங்கள் ஏழையாகவே இருங்கள், ஆமை பிழைக்கட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். புதிதாக ஒரு அறைக்கு அனுமதி கொடுக்கும் முன் ஏப்ரல் மாதத்தில் இந்தத் தீவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். டிசம்பர் கணக்கை வைத்துக் கொடுக்காதீர்கள். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடிக்காத விடுதிக்கு ஆழ்துளை எதற்கு?

இந்தக் கேள்வியே இப்போது தெற்கே பெரிய உருவத்தில் நிற்கிறது. கிரேட் நிக்கோபாரில் 1969இலிருந்து முன்னாள் ராணுவத்தினரைக் குடியமர்த்தினார்கள், அதில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் உண்டு. இன்று எண்ணாயிரம் பேர் அளவில் வாழும் அந்தத் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரம் எல்லாம் கட்ட 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். துறைமுகம் வரப்போகும் கலாத்தியா விரிகுடாவில்தான் தோணி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு கடைத்தெருவையும் சில பத்து விடுதிகளையுமே ஹேவ்லாக்கின் கிணறுகள் தாங்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அந்த வரைபடத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கிளம்புகிற அன்று காலை, அப்பாவின் நோட்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அவர் போன பிறகு இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. அப்பு கல்லைத் தூக்கி வைத்துத் தகரத்தை நகர்த்தினான். உள்ளே பாசி வாசனை. சுவர் இடுக்கில் ஒரு பச்சைப் பல்லி, அந்தமானில் மட்டுமே இருக்கும் இனம், வெளிச்சத்தில் கண் கூசி அசையாமல் இருந்தது. கயிற்றை விட்டேன். நட்டு தண்ணீரில் தொட்டதும் "டொப்" என்ற அந்தச் சத்தம் முப்பது வருடத்துக்குப் பிறகும் அதேதான். முடிச்சுகளை நானும் அப்புவும் சேர்ந்து எண்ணினோம். பதினைந்து. நோட்டில் 1988 மார்ச், மூன்றாவது ஞாயிறு, "மாஷி வீடு" என்ற வரியில் அப்பாவின் சாய்ந்த எழுத்தில் பதினொன்று. நாலு சாண். மூன்று அடி.

அப்பு ரொம்ப நேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, எண்கள் புரிந்தன. கயிற்றை அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். நோட்டின் பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஒரு எண் வருகிறது. பதினைந்து. பதினைந்தரை. பதினாறு. பதினாறு. ஐந்தாம் நம்பரிலும் ஜெட்டிப் பக்கமும் இரண்டு வீட்டுக் கிணறுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். மே கடைசியில் எண்ணோடு ஒரு வரியும் வந்தது: "நேற்று ராத்திரி முழுக்க மழை. பதினான்கு. வாயில் வைத்துப் பார்த்தேன் தீதி, இன்னும் உப்புதான்."